துருப்பிடிக்காத கணினி எப்படிப் பழையதாகிறது?

எண்ணூரில் இரும்பு துருப்பிடிப்பதில் புதிர் ஒன்றுமில்லை. கடலின் உப்புக்காற்றும் அனல் மின்நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்தால் ஜன்னல் கம்பி சில வருஷங்களிலேயே உதிரத் தொடங்கும். கணினிக்குள் சுற்றும் விசிறியும் தப்பாது. அப்படி நின்றுபோன கணினியைத் திறந்து, தூசி ஊதி, உயிர் கொடுக்கும் கடைகள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை உண்டு.

2025 அக்டோபர் 14 முதல் வேறொரு மூப்பு வந்திருக்கிறது. ஜெராக்ஸ் கடையிலோ, சுங்க ஏஜென்ட் அலுவலகத்திலோ ஒரு கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். நேற்று பில் போட்ட வேகத்தில்தான் இன்றும் போடும். ஆனாலும் அதற்கு வயதாகிவிட்டது என்று அதன் திரையிலேயே அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு முடிந்தன. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு ஓராண்டு தவணை உண்டு. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால், அதற்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016-இல் வாங்கிய கணினியை அது உள்ளேயே விடாது.

தேயாத பொருள் ஒன்று, காலண்டரில் குறித்த ஒரு தேதியில் பழையதாவது எப்படி? இதற்குப் பதில் கணினியின் உலோகத்தில் கிடைக்காது. உலோகத்துக்கும் நம் வேலைக்கும் நடுவில் நிற்கும் இயங்குதளத்தில்தான் தேட வேண்டும்.

சென்னைத் துறைமுகத்துக்குள் எந்தப் பெரிய கப்பலும் தன் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. உலகம் சுற்றிய கேப்டனாக இருந்தாலும் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பார். துறைமுகத்தின் பைலட் படகில் போய்க் கப்பலில் ஏறி வழிகாட்டுவார். எந்த இடத்தில் நிற்பது, எந்தக் கிரேன் வரும், எப்போது கிளம்புவது என்பதெல்லாம் துறைமுகம் சொல்கிறபடிதான். கணினிக்குள் இந்த அதிகாரம் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலிடம் இருக்கிறது. தமிழில் கருனி என்று எழுதுகிறார்கள். பிரவுசர், கணக்கு எழுதும் டேலி, படம் திருத்தும் மென்பொருள் எல்லாம் வந்து போகும் கப்பல்கள். ஒரு கோப்பைச் சேமிக்க வேண்டுமானால் அவை வட்டைத் தாமாகத் தொட முடியாது. ‘திற’, ‘படி’, ‘எழுது’, ‘மூடு’ என்று கருனியிடம் கோரிக்கை வைக்க வேண்டும். நினைவகத்தில் இடம் கேட்பதும், பிரிண்டருக்குப் பக்கம் அனுப்புவதும் இதே வழியில்தான். மீறிப் பார்க்கலாம் என்றால் செயலிச் சில்லே தடுத்துவிடும். சாதாரண நிரலுக்கு ஒரு நிலை, கருனிக்கு ஒரு நிலை என்ற பாகுபாடு சில்லின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ‘ஸ்ட்ரேஸ்’ என்றொரு கருவி உண்டு. அதன் வழியாக ஒரு நிரலை ஓட்டினால், அது கருனியிடம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையும், கிடைத்த பதிலும் வரிவரியாகத் திரையில் ஓடும். ஒரு சின்னக் கோப்பைத் திறப்பதற்குள் எத்தனையோ கோரிக்கைகள் போய்வருவதைப் பார்க்கும்போதுதான் இந்த இடைத்தரகரின் உழைப்பு புரியும்.

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நடைமுறை வேறு. விண்டோஸ் கருனியிடம் கோரிக்கை வைக்கும் முறையும் லினக்ஸ் கருனியிடம் வைக்கும் முறையும் ஒன்றல்ல. அதனால்தான் விண்டோஸுக்காகச் செய்த டேலியை லினக்ஸில் நேரடியாக ஓட்ட முடிவதில்லை. கிரேன்களுக்கும் இது பொருந்தும். ஸ்கேனர், வைஃபை அட்டை, பிரிண்டர் என ஒவ்வொரு கருவியையும் இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும்; அந்த ஆளுக்கு ‘இயக்கி’ என்று பெயர். விண்டோஸின் புதிய பதிப்பு வரும்போது, பத்து வருஷம் முன்பு விற்ற ஸ்கேனருக்குப் புது இயக்கி எழுதித்தர அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு லாபம் ஏதுமில்லை. ஸ்கேனர் நன்றாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

லினக்ஸில் இந்தக் கணக்கு மாறுகிறது. இயக்கிகளில் பெரும்பாலானவற்றின் மூலநிரல் கருனியின் மூலநிரலோடு ஒரே இடத்தில் இருக்கிறது. தயாரித்த நிறுவனம் மறந்துவிட்டாலும், மூடியே போனாலும், வேறு யாராவது அதைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். 1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள். இன்று நான்கு கோடி வரிகளைத் தொட்டுவிட்டது, அதில் பாதிக்கு மேல் இயக்கிகள்தான். இதற்காக லினக்ஸில் எதுவுமே பழையதாகாது என்று எண்ணிவிடக் கூடாது. டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியதே 386 சில்லு பொருத்திய கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவை 2012-இல் கருனியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1985-இல் வந்த சில்லு அது. 27 ஆண்டு சேவைக்குப் பிறகு பணி ஓய்வு.

திருத்தங்கள் நின்றால் என்ன, நம் கணினியில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு துறைமுகக் கதையே இருக்கிறது. 2017 மார்ச்சில், விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக ‘வானாக்ரை’ என்ற பணயத்தாக்குதல் மென்பொருள் உலகமெங்கும் பரவியது. ஜூன் 27 அன்று, அதே ஓட்டையைப் பயன்படுத்திய ‘நாட்பெட்யா’ வந்தது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய கன்டெய்னர் முனையமும் தடுமாறியது. 4,000 சர்வர்களிலும் 45,000 கணினிகளிலும் பத்து நாட்களில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நாட்பெட்யா முதலில் நுழைந்தது உக்ரைனின் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. கடவுச்சொற்களைத் திருடும் வித்தையும் அதற்குத் தெரிந்திருந்ததால், திருத்தம் போட்ட கணினிகளும் சில இடங்களில் விழுந்தன. திருத்தம் போட்டால் முழுப் பாதுகாப்பு என்றில்லை. ஆனால் திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரிந்துவிடும், போடாத கணினியில் அது திறந்தே கிடக்கும். ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

இனி ‘திறமூலம்’. நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய மூலநிரல். அதைக் கம்பைலர் என்ற தொகுப்பி, சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றுகிறது, அது இருமநிரல். கடையில் விற்பது பெரும்பாலும் இருமநிரல் மட்டுமே. அதை ஓட்டலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்பது பெரும்பாடு, திருத்துவது அதைவிடப் பாடு. மூலநிரலையும், அதைப் படிக்க, மாற்ற, மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்க உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது கட்டற்ற மென்பொருள் அல்லது திறமூலம்.

இந்த இயக்கத்தின் வேர் ஒரு பிரிண்டரில் இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வகத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பிரிண்டர் என்பது நம் தெருமுனைக் கடைக்காரர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். அதில் அடிக்கடி காகிதம் சிக்கியது. முந்தைய பிரிண்டரில், சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி அங்கு வேலை பார்த்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தியிருந்தார். புதியதற்கு மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரும் யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மறுத்தார். 1983-இல் ஸ்டால்மன் ‘க்னூ’ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதன் உரிமம், ஜி.பி.எல், வந்தது: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதை விநியோகித்தால் அதே உரிமைகளோடு மூலநிரலையும் கொடு. 1992-இல் டோர்வால்ட்ஸ் தன் கருனிக்கு அந்த உரிமத்தையே எடுத்துக்கொண்டார். க்னூ கருவிகளும் லினக்ஸ் கருனியும் சேர்ந்து முழு இயங்குதளமாயின. அவற்றோடு தேவையான மென்பொருள்களையும் கட்டித்தருவதற்கு ‘வழங்கல்’ என்று பெயர். டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாம் வழங்கல்கள். இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத உலகம் என்று நினைக்க வேண்டாம். காசிமேட்டில் மீன் விற்ற பணம் வந்ததா என்று பார்க்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கருனிதான் இருக்கிறது.

எல்லாரும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே? நியாயமான சந்தேகம். 2024 மார்ச்சில் நடந்தது இதற்கான ஆகச் சிறந்த பாடம். மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், டெபியனின் ‘நிலையற்ற’ வளர்ச்சிப் பதிப்பில் ஒரு தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் நிரல் வழக்கத்தைவிட சுமார் அரை நொடி தாமதித்தது. வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். அவர் விடாமல் நூல் பிடித்துப் போனார். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்’ என்ற சின்ன மென்பொருளில் யாரோ ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, அந்த மென்பொருளைத் தனியாளாகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

கள்ளக்கதவு ஒளிந்திருந்த இடம் கவனிக்க வேண்டியது. எல்லாரும் படிக்கும் மூலநிரலில் அது இல்லை. சோதனைக்கென வைத்திருந்த, யாரும் திறந்து படிக்காத இருமக் கோப்புகளுக்குள் பதுங்கியிருந்தது. அதை வெளியே எடுக்கும் சாவி, பொதிந்து வெளியிட்ட தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது திறந்த அமைப்பிலும் மூடிக்கிடந்த மூலையைத் தேடிப் பிடித்திருந்தார்கள். மறுபக்கம், சந்தேகம் வந்த ஒருவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் மூலநிரல்வரை தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகத்துக்கே சொல்ல முடிந்தது. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் நிலையான பதிப்புகளை அது எட்டுமுன் பிடிபட்டது. இதை வைத்துத் திறமூலம் தோற்றது என்பவர்களும் உண்டு, வென்றது என்பவர்களும் உண்டு. எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: கதவு திறந்திருப்பதால் மட்டும் யாரும் உள்ளே வந்து பார்த்துவிடுவதில்லை, பார்க்க நினைப்பவரைத் தடுக்க ஆளில்லை.

தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்திலிருந்து டெபியனை அடித்தளமாகக் கொண்ட ‘பாஸ்’ லினக்ஸ் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது (இன்றைய விண்டோஸ் 10 கதையின் முதல் காட்சி அது) பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தல் போனது. 

ஆனாலும் ராயபுரம் கடையில் பாஸ் லினக்ஸ் ஓடவில்லை. ஏன்? பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டால் ஒரு பதில் கிடைக்கிறது. கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடப்புத்தகமும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் கட்டற்ற மென்பொருளில்தான். இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அங்குள்ள ‘கைட்’ அமைப்பு 2019-இல் கணக்குச் சொன்னது. இரண்டு லட்சம் கணினிகளுக்கு அந்தத் தொகை என்றால் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம். அத்தனை மென்பொருளையும் யாரும் முழு விலைக்கு வாங்கியிருக்கப் போவதில்லை, எனவே கணக்கு கொஞ்சம் தாராளம்தான். பணத்தை விடுங்கள். அங்கே பிள்ளைகள் அதில் வேலை செய்தே ஆக வேண்டியிருந்தது. இங்கே அது இரண்டாவது வாய்ப்பாக வட்டின் ஓர் ஓரத்தில் கிடந்தது. இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தோம், வேலைகளை அதற்கு நகர்த்தவில்லை.

வேலை என்று நான் சொல்வது கோப்புகளை. தட்டச்சுக் கடை ஒன்றில் பதினைந்து வருஷ மனுக்களும், ஒப்பந்தப் பத்திரங்களும், கோயில் திருவிழா நோட்டீசுகளும் இருக்கும். அவற்றில் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பைத் திறந்து உள்ளே பார்த்தால், ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் இருக்கும். ஜே வரும் இடத்தில் ‘த’ என்று வரையும்படி எழுத்துருவில் ஓவியம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு உளறும். ஒருங்குறி என்ற யூனிகோடு முறையில் ‘த’வுக்கு உலகம் முழுவதும் ஒரே எண். ‘கொ’ என்றால் க-வும் அதன் குறியும் ஒலி வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம், காலை வலப்பக்கம் பிரித்து வரைவது திரைக்கு அனுப்பும் மென்பொருளின் பொறுப்பு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரெ ஆபிஸிலும் இதைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற திறமூல நிரல். 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற ‘ஓபன்-தமிழ்’ போன்ற கட்டற்ற கருவிகள் உண்டு. அதுவரை பாமினி எழுத்துருவையே லினக்ஸில் நிறுவிப் பழைய கோப்பைப் படிக்கலாம். எழுத்துருக் கோப்புக்கு இயங்குதள பேதமில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற பழைய விசைப்பலகை, தமிழ்99, ஒலிபெயர்ப்பு மூன்றும் லினக்ஸில் உண்டு. சந்தேகங்களுக்குத் தமிழிலேயே பதில் தேட 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழ் உதவும்.

ஆகவே மாற நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்வதைத் தலைகீழாகச் செய்வது நல்லது என்பேன். இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள். இப்போதிருக்கும் விண்டோஸிலேயே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெ ஆபிஸ், படத்துக்கு கிம்ப், நோட்டீசுக்கு இங்க்ஸ்கேப் ஆகியவற்றைப் போட்டுச் சில மாதம் வேலை பாருங்கள். எல்லாம் விண்டோஸிலும் ஓடுபவை. கை பழகி, கோப்புகளும் மாறிய பிறகு, கருனி மாறுவது பெரிதாகத் தெரியாது. ஃபிளெக்ஸ் அச்சகத்தோடு கோரல்டிராவில்தான் கோப்புப் பரிமாற்றம் என்றால் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், நஷ்டமில்லை.

பிறகு பென்டிரைவ். வழங்கல்கள் பலவற்றை வட்டில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். கணினியை உயிர்ப்பித்தவுடன் முதலில் எழுவது பலகையிலேயே இருக்கும் சின்ன நிரல். எங்கிருந்து இயங்குதளத்தை ஏற்றுவது என்று அது தேடும். பென்டிரைவைக் காட்டினால், அதில் சுருக்கி வைத்திருக்கும் லினக்ஸை அங்கிருந்தே ஓட்டும். நாம் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில் மட்டும் எழுதப்படும். நாமாக உள்ளே போய் எதையும் மாற்றாதவரை, அணைத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

அந்தச் சோதனையில் முதலில் பிரிண்டரைப் பாருங்கள். மலிவான லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சொந்த மொழி கிடையாது; பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலை முழுவதையும் கணினி செய்து, நிறுவனத்தின் ரகசிய முறையில் அனுப்ப வேண்டும். ஸ்டால்மனின் சண்டை இன்னும் முடியவில்லை என்று அப்போது புரியும். அடுத்து, சுங்கத் தாக்கலுக்கும் ஜி.எஸ்.டி-க்கும் செருகும் மின்கையொப்ப டோக்கன். பிறகு வைஃபை. நினைவகம் 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ போன்ற இலகுவான திரைச்சூழலைத் தேர்ந்தெடுங்கள்; ஆனால் பிரவுசரின் பசியை எந்த இயங்குதளமும் குறைக்காது. பழைய சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டால் கிடைக்கும் வேகம் தனி. 32-பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினி என்றால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அதில் நிறுவ முடியாது, முந்தைய 12-ஆம் பதிப்புதான் வழி. டேலி ஓடும் கணினியை மட்டும் விண்டோஸிலேயே விட்டு, இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்னஞ்சலையும் தாக்கல்களையும் பக்கத்து மேசையின் லினக்ஸ் கணினிக்கு மாற்றிக்கொள்வது சின்ன அலுவலகங்களுக்குப் போதும்.